இடக்கைக் குவார்க்கும் வலக்கைக் குவார்க்கும்: அணுக்கரு மோதல்களில் குவாண்டம் பிறழ்ச்சியைத் தேடுதல்

ஆற்றல் மாறுவதில்லை, உந்தம் மாறுவதில்லை, மொத்த மின்னூட்டம் மாறுவதில்லை என்ற மாறா விதிகளை நாம் பள்ளியிலேயே படித்திருப்போம். இத்தகைய விதி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சமச்சீர்மை இருக்கிறது என்பதை எம்மி நோதர் 1918-இல் நிறுவினார். அந்தத் தொடர்பு மிக உறுதியானது. ஆகவே ஒரு கோட்பாட்டின் சமன்பாட்டில் சமச்சீர்மை தெரிந்தால், அதற்குரிய மாறா விதி இயற்கையிலும் இருந்தே தீரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்வாறு எண்ணுவது எப்போதும் சரியாக அமைவதில்லை. குவாண்டம் விதிகளுக்கு முற்பட்ட வடிவத்தில் எந்தக் குறையுமின்றி விளங்கும் ஒரு சமச்சீர்மை, அதே சமன்பாட்டைக் குவாண்டம் விதிகளின்படி கையாளத் தொடங்கியதும் இல்லாமற்போய்விடுவது உண்டு. வெளியிலிருந்து எந்த விசையும் அதைக் குலைப்பதில்லை. குவாண்டம் இயல்பே அதைக் குலைக்கிறது. இதைத்தான் குவாண்டம் பிறழ்ச்சி என்கிறார்கள்.

கன அணுக்கருக்களை ஒளியின் வேகத்துக்கு மிக நெருக்கமாக மோதவிடும்போது உண்டாகும் கொதிபொருளில் இந்தப் பிறழ்ச்சி ஒரு மின்னோட்டமாக வெளிப்படக்கூடும் என்ற கருத்தும், அதைத் தேடி நடந்த ஆய்வுகளும்தான் இக்கட்டுரையின் பொருள். இதைப் படிக்கத் தொடங்குவோர் பலர் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் அவற்றை முதலிலேயே பிரித்துவிடுகிறேன். பிறழ்ச்சி என்ற ஒன்று இயற்கையில் உண்டா என்பது ஒரு கேள்வி. அதற்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை கிடைத்து அரை நூற்றாண்டு ஆகிறது. அந்தப் பிறழ்ச்சியால் உருவாகும் மின்னோட்டத்தை, ஆயிரக்கணக்கான துகள்கள் சிதறும் ஒரு மோதலின் இரைச்சலுக்கு நடுவே பிரித்துக் காண முடியுமா என்பது மற்றொரு கேள்வி. இன்றைய விவாதங்கள் எல்லாம் இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியவை.

கைத்தன்மை என்றால் என்ன?

புரோட்டானையும் நியூட்ரானையும் ஆக்கும் குவார்க், எலக்ட்ரான் போன்ற துகள்களுக்குத் தற்சுழற்சி என்றொரு பண்பு உண்டு. வலக்கை விரல்களைச் சுழலும் திசையில் மடக்கினால், நிமிர்ந்த கட்டைவிரல் தற்சுழற்சியின் திசையைக் காட்டும். துகள் அந்தக் கட்டைவிரல் காட்டும் திசையிலேயே நகர்ந்தால் அது வலக்கைத் துகள். நேர் எதிர்த் திசையில் நகர்ந்தால் இடக்கைத் துகள். வழக்கமான திருகாணியை வலப்பக்கமாகத் திருகும்போது அது உள்ளே இறங்குவதை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

இங்கே துகளின் நிறை முக்கியமான இடம் வகிக்கிறது. நிறையுள்ள துகள் ஒளியின் வேகத்தை எட்டுவதில்லை. ஆகவே அதைவிட வேகமாகச் செல்லும் ஒருவர் அதை முந்திச் சென்று திரும்பிப் பார்த்தால், அதன் நகர்வுத் திசை தலைகீழாகத் தெரியும். சுழற்சி மட்டும் அப்படியே இருக்கும். ஒருவருக்கு வலக்கையாகத் தெரிந்தது மற்றவருக்கு இடக்கையாகத் தெரிகிறது என்றால், கைத்தன்மையை அத்துகளின் நிலையான அடையாளமாகக் கொள்ள முடியாது. நிறையற்ற துகளையோ யாராலும் முந்த முடியாது. அதன் கைத்தன்மை எல்லோருக்கும் ஒன்றே. அத்தகைய துகள்களின் சமன்பாட்டில் வலக்கையை இடக்கையாக மாற்றும் உறுப்பு எதுவும் கிடையாது. எனவே வலக்கைத் துகள்களின் எண்ணிக்கையும் இடக்கைத் துகள்களின் எண்ணிக்கையும் தனித்தனியே மாறாமல் இருக்க வேண்டும். குவாண்டம் விதிகள் குலைப்பது இந்த விதியைத்தான்.

அடியில்லாத இரண்டு படிக்கிணறுகள்

பிறழ்ச்சியைப் பாடநூல்கள் முக்கோண வடிவிலான ஒரு வரைபடத்தைக் கணக்கிட்டு விளக்குகின்றன. தொடக்கநிலை வாசகருக்கு அதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது. 1983-இல் ஹோல்கர் நீல்சனும் மசாவோ நினோமியாவும் படிகங்களைப் பற்றி எழுதியபோது பயன்படுத்திய வழி அது. அதையே நான் இங்கே பின்பற்றுகிறேன்.

நிறையற்ற, நேர்மின்னூட்டம் கொண்ட துகள்களை ஒரு வலிய காந்தப்புலத்தில் வைத்ததாகக் கொள்வோம். காந்தப்புலம் அவற்றைப் பக்கவாட்டில் ஓடவிடாமல் வட்டமிடச் செய்கிறது. புலக்கோட்டின் வழியே மட்டும் அவை தடையின்றி நகரும். மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் உள்ள துகள்களின் தற்சுழற்சி புலத்தின் திசையில் அமைந்துவிடுவதால், அவற்றுள் வலக்கைத் துகள்கள் புலத்தின் திசையிலும் இடக்கைத் துகள்கள் அதற்கு எதிர்த் திசையிலும் மட்டுமே ஓடுகின்றன. இப்போது காந்தப்புலத்துக்கு இணையாக ஒரு மின்புலத்தைச் செலுத்துவோம். மின்புலம் எல்லாத் துகள்களையும் ஒரே திசையில் தள்ளுகிறது. அத்திசையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வலக்கைத் துகள்களின் ஆற்றல் கூடுகிறது. எதிர்த் திசையில் ஓடும் இடக்கைத் துகள்களின் ஆற்றல் குறைகிறது.

இதுவரை சொன்னதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் குவாண்டம் கோட்பாட்டில் வெற்றிடம் வெறுமையானதன்று. இயற்பியலாளர் பால் டிராக் காட்டியபடி, எதிர்ம ஆற்றல் நிலைகள் அனைத்தும் துகள்களால் நிரம்பியிருப்பதாக அதைக் கருதலாம். இரண்டு படிக்கிணறுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் அடி என்பதே இல்லை. தரைமட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு படியிலும் ஒருவர் நிற்கிறார். ஒன்று வலக்கைக் கிணறு, மற்றொன்று இடக்கைக் கிணறு. மின்புலம் வந்ததும் வலக்கைக் கிணற்றில் உள்ள அனைவரும் ஒரு படி மேலே ஏறுகிறார்கள். மேலே ஒருவர் தரைக்கு வந்துவிடுகிறார். ஆனால் கீழே எந்தப் படியும் காலியாவதில்லை, ஏனெனில் கடைசிப் படி என்ற ஒன்று அங்கே கிடையாது. இடக்கைக் கிணற்றில் அனைவரும் ஒரு படி கீழே இறங்குகிறார்கள். அங்கே மேற்படி ஒன்று காலியாகிறது; அந்த வெற்றிடம் நமக்கு ஓர் எதிர்த்துகளாகப் புலப்படுகிறது. யாரும் ஒரு கிணற்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவில்லை. ஆயினும் வலக்கைக் கணக்கில் ஒன்று கூடியிருக்கிறது, இடக்கைக் கணக்கில் ஒன்று குறைந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் வருவது மாறவில்லை. ஆகவே மின்னூட்டம் மாறா விதிக்குக் குறையொன்றும் நேரவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் இரண்டால் மாறியிருக்கிறது.

பிறழ்ச்சியின் சாரம் இவ்வளவுதான். முடிவில்லாத ஆழம் கொண்ட ஒரு கடலில் எண்ணிக்கைக்குக் கணக்கு வைக்க முயலும்போது, கூட்டுத்தொகைக்கும் வேறுபாட்டுக்கும் ஒரே நேரத்தில் காவல் நிற்க முடிவதில்லை. மின்னூட்டத்தைக் காப்பதற்கு நாம் தரும் விலை, கைத்தன்மையின் மாறா விதியை இழப்பது.

பையான் தந்த சான்று

இது வெறும் கணித விளையாட்டு அன்று என்பதற்கு மின்னூட்டமற்ற பையான் என்ற துகள் சான்று. 1967-இல் சதர்லாந்தும் வெல்ட்மானும் தனித்தனியே செய்த கணக்கின்படி, கைத்தன்மைச் சமச்சீர்மை முழுமையாக நிலைக்குமானால் இந்தப் பையான் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைவது பெரும்பாலும் தடைப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் அது ஏறத்தாழ 8.4×10⁻¹⁷ வினாடியிலேயே சிதைந்துவிடுகிறது. மின்னூட்டமுள்ள பையான் வாழும் காலத்தில் இது முப்பது கோடியில் ஒரு பங்குகூட இல்லை. 1969-இல் பிரின்ஸ்டனில் ஸ்டீஃபன் ஆட்லரும், செர்ன் ஆய்வகத்தில் ஜான் பெல்லும் ரோமன் ஜாக்கீவும் இந்தப் புதிருக்கு விடை கண்டார்கள். தடையாக இருந்த சமச்சீர்மையைக் குவாண்டம் விளைவே குலைத்துவிடுகிறது; சிதைவின் வேகத்தை அந்தக் குலைவே முடிவுசெய்கிறது. (குவாண்டம் பின்னலைப் பற்றிய சமனிலிக்காகப் பரவலாக அறியப்படும் பெல்தான் இவர்.) சிதைவின் வேகத்தை ஆற்றல் அலகில் சொல்லும் எண்ணுக்குச் சிதைவு அகலம் என்று பெயர். பிறழ்ச்சி தரும் கணிப்பு 7.75 எலக்ட்ரான் வோல்ட் என்ற சிதைவு அகலம். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகம் 2020-இல் வெளியிட்ட அளவீடு 7.80. பொருத்தம் இவ்வளவு நெருக்கமாக இருப்பதனால்தான் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று உறுதியாகச் சொன்னேன்.

ஏன் கொதிபொருள் வேண்டும்?

பையானில் காண்பது தனித்துகள் ஒன்றின் சிதைவு. பல்லாயிரம் குவார்க்குகள் சேர்ந்த ஒரு பொருளில் பிறழ்ச்சி என்ன செய்யும் என்பது வேறு வகையான கேள்வி. சாதாரணப் பொருளில் இதைக் கேட்கவே முடியாது. ஏனெனில் அங்கே குவார்க்குகள் புரோட்டான், நியூட்ரான்களுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. அது மட்டுமன்று. குவார்க் வகைகளுள் மேல் குவார்க் எனப்படுவதன் இயல்பான நிறை சுமார் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட், கீழ்க் குவார்க் எனப்படுவதன் நிறை சுமார் 5. ஆனால் குளிர்ந்த வெற்றிடம் இடக்கையையும் வலக்கையையும் ஓயாமல் கலந்துகொண்டே இருப்பதால், அவை சுமார் 300 மெகா எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ளவை போல நடந்துகொள்கின்றன. நிறை வந்துவிட்டால் கைத்தன்மை நிலைக்காது என்று மேலே கண்டோம்.

இந்த நிலைமை ஏறத்தாழ 2 லட்சம் கோடி டிகிரி வெப்பநிலைக்கு அருகே மாறுகிறது. புரோட்டானும் நியூட்ரானும் உருகி, குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கலந்த குவார்க்–குளுவான் பிளாஸ்மா உருவாகிறது; வெற்றிடத்தின் கலக்கும் இயல்பும் மங்குகிறது; குவார்க்குகள் மீண்டும் ஏறத்தாழ நிறையற்றவை ஆகின்றன. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் 2000-இல் இயங்கத் தொடங்கிய, ரிக் என்று அழைக்கப்படும் 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மோதுவி, தங்க அணுக்கருக்களை ஒளியின் வேகத்தில் 99.99 விழுக்காட்டுக்கும் மேலான வேகத்தில் மோதவிட்டு இந்தப் பொருளை உருவாக்கியது. அங்கே எட்டிய வெப்பநிலை 4 லட்சம் கோடி டிகிரி என்று 2010-இல் அறிவிக்கப்பட்டது. சூரியனின் மையத்தைவிட அது சுமார் இரண்டரை லட்சம் மடங்கு. ஜெனீவாவுக்கு அருகே செர்னின் பெரும் ஹேட்ரான் மோதுவி அதே ஆண்டில் ஈய அணுக்கருக்களைக் கொண்டு இதைவிட உயர்ந்த ஆற்றலில் மோதல்களைத் தொடங்கியது. ஒவ்வொரு மோதலிலும் இப்பொருள் நிலைப்பது சுமார் 10⁻²³ வினாடி.

வலக்கைக்கும் இடக்கைக்கும் இடையே ஏற்றத்தாழ்வை அங்கே உண்டாக்குவது எது? படிக்கிணற்று உவமையில் இணையான மின்புலமும் காந்தப்புலமும் செய்ததை, பிளாஸ்மாவில் குளுவான் புலங்களின் இணையான பகுதிகள் செய்கின்றன. குளுவான் புலம் அமைதியாக இருக்கும் நிலைகள் பல உண்டு. அவை மலைகளால் பிரிக்கப்பட்ட பள்ளத்தாக்குகளைப் போல வரிசையாக அமைந்துள்ளன. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் புலம் நகர்ந்தால், ஒவ்வொரு வகைக் குவார்க்கிலும் வலக்கை–இடக்கை வேறுபாடு இரண்டால் மாறுகிறது. குளிர்ந்த நிலையில் மலையைக் குடைந்துதான் மறுபக்கம் போக முடியும். இன்ஸ்டன்டான் எனப்படும் இந்த வழி 1975-இல் கண்டறியப்பட்டது. வெப்பம் மிகுந்தால் மலையின் மேலேயே ஏறிக் கடக்கலாம். உச்சியில் நிலையற்று நிற்கும் அந்தப் புல வடிவத்துக்கு, விழத் தயாராக இருப்பது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ஸ்ஃபலெரான் என்று 1984-இல் கிளிங்காமரும் மான்டனும் பெயரிட்டார்கள். அவர்கள் எழுதியது, மின்காந்த விசையையும் வலுக்குறை விசையையும் ஒன்றாகக் கொண்ட மின்வலுக்குறை விசையைப் பற்றி. இளம் பிரபஞ்சத்தில் அதே வகைக் கடப்புகள் பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வில் பங்கு பெற்றிருக்கலாம் என்பது இத்துறையின் பெரிய கருத்துகளுள் ஒன்று. அந்த மின்வலுக்குறைக் கடப்புகளை எந்த ஆய்வகத்திலும் நம்மால் உண்டாக்க முடியவில்லை. அவற்றின் நெருங்கிய உறவினரான குளுவான் கடப்புகளுக்கு ஒரு நேரடித் தடயம் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய பேறு என்பதை நினைக்கும்போது, இந்தத் தேடலில் இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் உழைத்தது எனக்கு மிகவும் நியாயமாகவே படுகிறது.

காந்தப்புலத்தின் வழியே ஒரு மின்னோட்டம்

இரண்டு அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதாமல் சற்று விலகி மோதும்போது, மோதலில் சிக்காத புரோட்டான்கள் இரு பக்கங்களிலும் எதிரெதிர்த் திசைகளில் விரைந்து செல்கின்றன. எதிரெதிராக ஓடும் இவ்விரு மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் நடுவில் ஒன்றோடொன்று கூடுகின்றன. அங்கே உருவாகும் புலத்தின் வலிமை ரிக் மோதுவியில் சுமார் 10¹⁸ காஸ். பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவு. விண்மீன்களிலேயே மிக வலிய காந்தங்களான மேக்னெட்டார்களின் மேற்பரப்பில் 10¹⁵ காஸ். அணுக்கருக்கள் பாயும் திசையும் அவற்றின் மையங்களை இணைக்கும் கோடும் சேர்ந்து அமையும் தளத்தை மோதல் தளம் என்கிறோம். இப்புலத்தின் திசை அந்த மோதல் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்.

இனி மேலே சொன்னவற்றை ஒன்று சேர்ப்போம். பிளாஸ்மாவில் வலக்கைக் குவார்க்குகள் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். நேர்மின்னூட்டமுள்ள மேல் குவார்க்கின் தற்சுழற்சி புலத்தின் திசையில் அமைகிறது. வலக்கைத் துகள் என்பதால் அது அத்திசையிலேயே நகர்கிறது. எதிர்மின்னூட்டமுள்ள கீழ்க் குவார்க்கின் தற்சுழற்சி புலத்துக்கு எதிராக அமைகிறது. ஆகவே அது எதிர்த் திசையில் நகர்கிறது. நேர்மின்னூட்டம் மேலே போவதும் எதிர்மின்னூட்டம் கீழே போவதும் ஒரே திசையிலான மின்னோட்டமே. காந்தப்புலத்தின் வழியே இவ்வாறு ஓடும் மின்னோட்டத்துக்குக் கைத்தன்மைக் காந்த விளைவு என்று பெயர். அலெக்சாண்டர் விலென்கின் 1980-இலேயே இத்தகைய மின்னோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தார். அணுக்கரு மோதல்களில் அதைக் காணலாம் என்ற கருத்தை டிமித்ரி கார்சீவும், பின்னர் அவருடன் லாரி மெக்லெரன், ஹார்மன் வாரிங்கா, கென்ஜி ஃபுகுஷிமா ஆகியோரும் 2004 முதல் 2008 வரையிலான ஆண்டுகளில் வளர்த்தெடுத்தார்கள்.

சாதாரணக் கம்பியில் காந்தப்புலத்தின் திசையிலேயே மின்னோட்டம் தானாக ஓடுவதில்லை. கண்ணாடிப் பிம்பச் சமச்சீர்மை அதைத் தடுக்கிறது. கண்ணாடியில் மின்னோட்டம் ஒரு வகையாகவும் காந்தப்புலம் வேறு வகையாகவும் மாறும். இடக்கை, வலக்கை எண்ணிக்கைகள் சமமில்லாத பொருளில் மட்டுமே அந்தத் தடை நீங்குகிறது. ஆகவே இந்த மின்னோட்டத்தைக் கண்டால், கைத்தன்மையில் ஏற்றத்தாழ்வு உண்டானதையும் சேர்த்தே கண்டதாகும்.

காந்தப்புலத்தின் இடத்தில் சுழற்சியை வைத்தாலும் இதையொத்த விளைவு உண்டு. விலகி மோதும் அணுக்கருக்கள் பிளாஸ்மாவுக்குப் பெரும் கோண உந்தத்தைத் தருகின்றன. ரிக் மோதுவியின் ஸ்டார் ஆய்வுக்குழு லாம்டா துகள்களின் தற்சுழற்சித் திசையை அளந்து, இப்பொருளின் சுழிப்பு வினாடிக்குச் சுமார் 9×10²¹ என்று 2017-இல் வெளியிட்டது. நாம் அறிந்த வேறெந்தப் பாய்மமும் அந்த அளவை நெருங்கவில்லை. பிறழ்ச்சி இருக்கும் பாய்மத்தில் இத்தகைய சுழிப்பின் வழியேயும் ஓட்டம் எழுந்தே ஆக வேண்டும் என்பதை, என்ட்ரோபி குறையக்கூடாது என்ற ஒரே நிபந்தனையிலிருந்து சோனும் சுரூஃப்காவும் 2009-இல் வருவித்தார்கள். வெப்பஇயக்கவியலின் இரண்டாம் விதியிலிருந்து குவாண்டம் பிறழ்ச்சிக்கு ஒரு பாதை போகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது நான் நெகிழ்ந்துபோனேன்.

அளப்பதில் உள்ள சிக்கல்

மின்னோட்டம் ஓடினால் மோதல் தளத்துக்கு மேலே ஒரு மின்னூட்டமும் கீழே மற்றொரு மின்னூட்டமும் சற்று மிகுதியாகத் தெறிக்கும். ஆனால் ஒரு மோதலில் வலக்கை மிகுந்தால் அடுத்த மோதலில் இடக்கை மிகலாம்; குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசை மொத்தத்தில் எந்தக் கைக்கும் சார்பு காட்டுவதில்லை. ஆகவே கோடிக்கணக்கான மோதல்களைச் சராசரி எடுத்தால் விளைவு பூச்சியம் ஆகிவிடும். இதைத் தவிர்க்க செர்கேய் வோலோஷின் 2004-இல் ஓர் அளவையை முன்மொழிந்தார். மோதல் தளத்திலிருந்து இரண்டு துகள்களின் கோணங்களை அளந்து, அவற்றைக் கூட்டி, கூட்டுத்தொகையின் கொசைனை எடுக்க வேண்டும். ஒரே மின்னூட்டம் கொண்ட இரண்டும் மேலே போனால் கோணங்கள் 90, 90, கூட்டுத்தொகை 180, கொசைன் −1. எதிர் மின்னூட்டங்கள் மேலும் கீழுமாகப் பிரிந்தால் 90, −90, கூட்டுத்தொகை பூச்சியம், கொசைன் +1. திசை மாறினாலும் இவ்விடைகள் மாறுவதில்லை. 2009-இல் ஸ்டார் குழு தங்க மோதல்களிலும், சில ஆண்டுகள் கழித்து செர்னின் ஆலிஸ் குழு ஈய மோதல்களிலும் இந்த அளவையில் எதிர்பார்த்த வேறுபாட்டையே கண்டன.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. எதிர் மின்னூட்டம் கொண்ட இரண்டு துகள்கள் மோதல் தளத்தின் வழியே ஒன்றாகப் பறந்தால் கோணங்கள் 0, 0, கூட்டுத்தொகை பூச்சியம், கொசைன் அதே +1. இப்படிப் பறக்கும் இணைகளுக்குக் குறைவில்லை. ரோ என்ற துகள் சிதைந்தால் நேர், எதிர் மின்னூட்டப் பையான்கள் ஒன்றாகவே கிளம்புகின்றன. மேலும் மோதல் பகுதி பாதாம் பருப்பின் வடிவில் இருப்பதால், பிளாஸ்மா மோதல் தளத்தின் திசையில் கூடுதலாகப் பாய்கிறது. நீள்வட்டப் பாய்வு என்பது இதற்குப் பெயர். இவ்விரண்டும் சேர்ந்தால் பிறழ்ச்சியே இல்லாமலும் அதே எண் கிடைக்கும். இந்தப் பின்னணி மிகப் பெரியது என்பதை 2017-இல் செர்னின் சிஎம்எஸ் குழு தெளிவாகக் காட்டியது. புரோட்டானை ஈயத்தோடு மோதவிடும்போது காந்தப்புலத்தின் திசைக்கும் பாய்வின் திசைக்கும் தொடர்பு இருப்பதில்லை. ஆகவே அங்கே இவ்விளைவு தெரியக்கூடாது. ஆனால் ஈயத்தோடு ஈயம் மோதுவதில் கண்ட அளவுக்கு ஒத்த வேறுபாடு அங்கும் தெரிந்தது.

ருத்தேனியமும் சிர்கோனியமும்

பின்னணியை அப்படியே வைத்துக்கொண்டு காந்தப்புலத்தை மட்டும் மாற்ற முடிந்தால் சிக்கல் தீரும். அதற்கு ஐசோபார்கள், அதாவது புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை ஒன்றாகவும் புரோட்டான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள அணுக்கருக்கள், ஏற்றவை. ருத்தேனியம்-96, சிர்கோனியம்-96 இரண்டிலும் 96 நியூக்ளியான்கள் (புரோட்டான், நியூட்ரான்களின் பொதுப்பெயர் இது). முதலாவதில் 44 புரோட்டான்கள், இரண்டாவதில் 40. அளவும் வடிவமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் பாய்வும் ஒன்றாக இருக்கும். கைத்தன்மைக் காந்த விளைவோ காந்தப்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ருத்தேனியத்தில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருக்க வேண்டும். ரிக் மோதுவியில் 2018-இல் இரு வகை மோதல்களும் மாறி மாறி நடத்தப்பட்டன. முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட மோதல்கள் பதிவாயின. எந்தத் தரவு எந்தத் தனிமத்தினுடையது என்பது பகுப்பாய்வு செய்தவர்களிடமிருந்து மறைக்கப்பட்டது. எந்த முடிவு வந்தால் விளைவு இருப்பதாகக் கொள்வது என்ற நிபந்தனைகளும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டன. ஐந்து குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டன. தாம் காண விரும்பும் ஒன்றை வலிந்து கண்டுவிடக்கூடாது என்பதற்காகத் தமக்குத் தாமே இவ்வளவு கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்ட நேர்மையை நான் இந்த ஆய்வின் முடிவைக் காட்டிலும் உயர்வாக மதிக்கிறேன்.

2021-இன் பிற்பகுதியில் முடிவு வெளியானது. வோலோஷினின் அளவையில் ருத்தேனியத்தின் எண் சிர்கோனியத்தின் எண்ணைவிடக் கூடியிருக்க வேண்டும். ஆனால் சற்றுக் குறைந்திருந்தது. 0.4 விழுக்காடு வரையிலான துல்லியத்தோடு அளந்தும், முன்பே வகுத்த நிபந்தனைகளின்படி விளைவுக்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை.

எண் கூடாமல் குறைந்ததற்குக் காரணம் அணுக்கருக்களின் அமைப்பிலேயே இருந்தது. 56 நியூட்ரான்கள் கொண்ட சிர்கோனியத்துக்கு 52 நியூட்ரான்கள் கொண்ட ருத்தேனியத்தைவிடத் தடித்த நியூட்ரான் தோல், அதாவது நியூட்ரான்கள் மிகுந்த வெளிப்புற அடுக்கு, உண்டு. அதனால் அது சற்றுப் பரந்திருக்கிறது. ஒரே அளவு மையமான மோதலில் ருத்தேனியம் சுமார் நான்கு விழுக்காடு கூடுதலான துகள்களைத் தருகிறது. துகள்கள் கூடினால் பின்னணி அந்த விகிதத்தில் நீர்த்துப்போகும். இரண்டும் ஒரே அளவு என்ற கருதுகோள் கிட்டத்தட்ட உண்மைதான். ஆனால் இந்தத் துல்லியத்தில் கிட்டத்தட்ட என்பது போதவில்லை. இந்த வேறுபாட்டையும் பிற ஒட்டுறவுகளையும் கணக்கில் கொண்டு ஸ்டார் குழு பின்னர் மதிப்பிட்டபோது, அளந்த எண்ணில் கைத்தன்மைக் காந்த விளைவின் பங்கு அதிகபட்சம் பத்து விழுக்காடு அளவில்தான் இருக்க முடியும் என்ற உச்சவரம்பு கிடைத்தது.

இதைக் கேட்டுப் பிறழ்ச்சியே பொய்த்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. பையான் அதே வேகத்தில்தான் சிதைந்துகொண்டிருக்கிறது. படிகங்களிலும் இதையொத்த நிகழ்வு காணப்பட்டிருக்கிறது. சிர்கோனியம் பென்டாடெல்லுரைடு என்ற படிகத்தில் எலக்ட்ரான்கள் நிறையற்றவை போல நகர்கின்றன. மின்புலமும் காந்தப்புலமும் இணையாக இருக்கும்போது அதன் மின்தடை குறைவதைப் புரூக்ஹேவனைச் சேர்ந்த குழுவினர் அளந்து 2016-இல் வெளியிட்டார்கள். நீல்சனும் நினோமியாவும் முன்னறிந்து சொன்ன நடத்தை அதுவே.

மோதல்களில் விளைவு ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்கு என் பார்வையில் வலுவான காரணம் காந்தப்புலத்தின் ஆயுள். மோதலில் சிக்காத புரோட்டான்கள் 10⁻²⁴ வினாடிக்குள் அகன்றுவிடுகின்றன. குவார்க்குகள் முழுமையாக உருவாவதற்கு முன்பே புலத்தின் பெரும்பகுதி மறைந்துவிடக்கூடும். பிளாஸ்மா மின்கடத்தி என்பதால், மறையும் புலத்தை எதிர்த்து அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டுப் புலத்தைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கலாம். அவ்வாறு தூண்டப்பட்ட புலத்தின் தடம், நேர், எதிர் மின்னூட்டத் துகள்கள் பக்கவாட்டில் விலகும் விதத்தில் தெரிவதாக ஸ்டார் குழு 2024-இல் வெளியிட்டது. புலம் இருந்ததற்கு அது சான்று. எவ்வளவு நேரம் எவ்வளவு வலிமையோடு இருந்தது என்பது இன்னும் கணக்கிடப்பட வேண்டியது.

தங்கம் 79 புரோட்டான்களைக் கொண்டது. அதன் மோதல்களில் எழும் புலம் ஐசோபார் மோதல்களின் புலத்தைவிட வலியது. அங்கே வேறொரு உத்தி கையாளப்படுகிறது. காந்தப்புலத்தை முடிவுசெய்வது மோதலில் சிக்காத நியூக்ளியான்கள். பாய்வை முடிவுசெய்வது சிக்கியவை. இவ்விரு கூட்டங்களும் காட்டும் தளங்கள் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே மோதலின் தரவை இரு தளங்களையும் கொண்டு தனித்தனியே அளந்தால், பின்னணி ஒரு தளத்திலும் காந்த விளைவு மற்றொரு தளத்திலும் ஓங்கித் தெரிய வேண்டும். 2022-இல் வெளியான இத்தகைய அளவீட்டில், நடுத்தர மையமுள்ள தங்க மோதல்களில் பின்னணியைக் கழித்த பிறகும் சிறிய மீதம் ஒன்று எஞ்சியது; அதன் உறுதி ஒன்று முதல் மூன்று திட்ட விலக்கங்கள் வரை. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இத்துறை கேட்கும் அளவு ஐந்து. 2023 முதல் ரிக் மோதுவியின் கடைசி ஓட்டங்களில் சேர்த்த தங்க மோதல்களின் தரவு முந்தையதைவிடப் பன்மடங்கு பெரியது. அந்த மீதம் வளருமா கரையுமா என்பதை அதே இரு தளங்களைக் கொண்டு அதில் அளக்க முடியும்.